பேஸ் லேயரிங்: ஒரே சவுண்ட வெட்டிப் பிரிக்கலாமா, தனித்தனியா செஞ்சு அடுக்கலாமா?

டிரம் அண்ட் பேஸ்ங்கிற வேகமான எலக்ட்ரானிக் ஸ்டைல்ல டிராக் ஒண்ணு போய்ட்டிருந்துச்சு, 174 பிபிஎம் (நிமிஷத்துக்கு 174 பீட்), எஃப் மைனர். அதுக்கு ரீஸ்னு சொல்ற பேஸ் சவுண்ட் ஒண்ணு செஞ்சேன், ரெண்டு சா வேவ் (ரம்பப் பல் மாதிரி அலை), ரெண்டுக்கும் நடுவுல 20 சென்ட் டிட்யூன் (சுருதிய லேசா விலக்குறது, 100 சென்ட் சேர்ந்தா ஒரு அரைச்சுரம்), அவ்வளவுதான். மேல சுழண்டு சுழண்டு வர்ற அந்த சத்தம் பிரமாதமா இருந்துச்சு, ஆனா ஒண்ணரை பாருக்கு (ஒரு பார்னா நாலு பீட்) ஒருதடவை அடிப்பகுதி மொத்தமா காலியாகி மறுபடி மெதுவா நிரம்புது. கம்ப்ரஸர் போட்டேன், இக்யூல (ஈக்வலைஸர்) 45 ஹெர்ட்ஸ் பக்கம் ஏத்திப் பாத்தேன், லிமிட்டர் கூட போட்டேன், ஒண்ணும் கேக்கல. இல்லாத சத்தத்த எத ஏத்தினாலும் வராதுல்ல. அப்புறம் பேப்பர் எடுத்து கணக்கு போட்டப்பதான் விஷயம் பிடிபட்டுச்சு.

கணக்கு இதுதான். எஃப்1 நோட் 43.65 ஹெர்ட்ஸ். அதுக்கு 20 சென்ட் மேல இருக்கிற இன்னொரு சா 44.16 ஹெர்ட்ஸ் பக்கம். ரெண்டுக்கும் வித்தியாசம் அரை ஹெர்ட்ஸ், அதாவது ரெண்டு செகண்டுக்கு ஒருதடவை ரெண்டு அலையும் எதிரெதிரா நின்னு ஒண்ண ஒண்ணு தின்னுடும். 174 பிபிஎம்ல ஒரு பார் 1.38 செகண்ட், அதனாலதான் ஒண்ணரை பாருக்கு ஒரு ஓட்டை. அதே 20 சென்ட், பத்தாவது ஹார்மோனிக்ல (அடி நோட்டோட மடங்கா மேல வர்ற அலைதான் ஹார்மோனிக்), அதாவது 436 ஹெர்ட்ஸ் பக்கம், செகண்டுக்கு 5 தடவை ஆடும், அதத்தான் நம்ம காது சுழற்சியா கேட்டு ரசிக்குது. ஒரே டிட்யூன்தான், மேல அழகு, கீழ ஓட்டை. பேஸ பேண்ட் பேண்டா (ஃப்ரீக்வன்சி வாரியா) பிரிச்சு யோசிக்கணும்னு எல்லாரும் சொல்றதுக்கு எனக்குத் தெரிஞ்சு இதவிட தெளிவான காரணம் கிடையாது.

இந்த ரீஸ் சவுண்ட் பிறந்தது டெட்ராய்ட்ல, கெவின் சாண்டர்சன் ரீஸ்ங்கிற பேர்ல 1988ல வெளியிட்ட டிராக்ல இருந்துதான் அந்தப் பேரே வந்துச்சு, அவர் கையில இருந்தது காசியோ சிஇசட்-5000 சிந்தசைசர் (சுருக்கமா சிந்த்). அதுக்கப்புறம் இங்கிலாந்து ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் ஆளுங்க அத எடுத்து வருஷக்கணக்கா உருட்டி உருட்டி இன்னைக்கு இருக்கிற நிலைமைக்கு கொண்டு வந்தாங்க. ஆக இந்த ஸ்டைல்ல பேஸ் பண்றவங்க எல்லாரும் எப்பவாவது இந்த ஓட்டைல விழுந்துதான் எழுந்திருக்கணும்.

சரி, பிரிக்கணும்னு முடிவாச்சு, எப்படி பிரிக்கிறது? எனக்குத் தெரிஞ்சு வழி மூணு. ஒண்ணு, சுத்தமான ஒரு சைன் வேவ (ஹார்மோனிக்ஸே இல்லாத அலை) எடுத்து அதுக்கு சாச்சுரேஷன் (அலைய லேசா நசுக்குறது) கொடுத்து மேல் ஹார்மோனிக்ஸ அதுலருந்தே வரவழைக்கிறது. ரெண்டு, முழு பேஸ் சவுண்டயும் கிராஸ்ஓவர் (ஃப்ரீக்வன்சிய பிரிக்கிற ஃபில்டர்) வச்சு சப் (அடி), மிட் (நடு), டாப்னு (மேல்) வெட்டி ஒவ்வொண்ணயும் தனியா ட்ரீட் பண்றது. மூணு, சப்புக்கு ஒரு சிந்த், மிட்டுக்கு ஒரு சிந்த்னு தனித்தனியா செஞ்சு அடுக்கறது. மூணையும் நான் வேற வேற டிராக்ல பண்ணிப் பாத்துட்டேன், இப்ப எனக்கு ஒரு தெளிவான கருத்து இருக்கு, கீழ வருது. (தமிழ்ல எழுதும்போது பேஸ், ஃபேஸ், ஹை பாஸ் மூணும் கிட்டத்தட்ட ஒண்ணா தெரியும், கொஞ்சம் பாத்து படிங்க, ஃபேஸ்னா அலை எந்த இடத்துல இருக்குங்கிறது, ஹை பாஸ்னா அடிய வெட்டிட்டு மேல இருக்கிறத விடுற ஃபில்டர், லோ பாஸ் அதுக்கு நேரெதிர்.)

முதல் வழி ரொம்ப நேர்மையான வழி. ஒரு சைன், ஒரு சாச்சுரேட்டர், முடிஞ்சுது. எஃப்1 வாசிச்சா மேல வர்ற ஹார்மோனிக்ஸ் எல்லாம் அந்த 43.65ஓட முழு மடங்காதான் வரும், ஒரே இடத்துலருந்து பிறக்கிறதால ஃபேஸ் சண்டைங்கிற பேச்சே கிடையாது, சப் பாறை மாதிரி நிக்கும். இதுல ஒண்ணு கவனிக்கணும், மேலயும் கீழயும் சமமா நசுக்குற சாச்சுரேஷன் ஒற்றைப்படை ஹார்மோனிக்ஸ மட்டும்தான் தரும், 131, 218, 306 இப்படி. ஒரு பக்கமா சாஞ்சு நசுக்குற டைப் போட்டா 87, 175ம் சேர்ந்து வரும். இந்த இரட்டைப்படை சேர்ந்தா ஃபோன்ல கேக்கும்போது பெரிய வித்தியாசம் தெரியும். ஃபோன் ஸ்பீக்கரால 43 ஹெர்ட்ஸ காட்டவே முடியாது, ஆனா அதுக்கு மேல இருக்கிற ஹார்மோனிக்ஸ் 43.65 இடைவெளில வரிசையா நின்னா, இல்லாத அந்த அடி நோட்ட மூளையே நிரப்பிக்கும். அதனாலதான் சின்ன ஸ்பீக்கர்ல கூட பேஸ்லைன் என்ன நோட் வாசிக்குதுன்னு நமக்கு புரியுது.

குறை என்னன்னா இதுல அசைவு இல்ல. 140 பிபிஎம்ல பழைய டப்ஸ்டெப் பாணில, நிறைய காலியிடம் விட்டு, பேஸ் ஒரு பெரிய மூச்சு மாதிரி வரணும்னா இதுக்கு மேல எதுவும் வேணாம். லண்டனோட க்ராய்டன்ல பிறந்து பிரிக்ஸ்டன்ல வளந்த அந்த சத்தத்துக்கு சப்தான் ஹீரோ, மிட் வெறும் நிழல். 808 டிரம் மெஷினோட கிக் மாதிரி நீளமா இழுக்கிற பேஸ்லைனுக்கும் இதேதான். ஆனா ரீஸ் வேணும், வாபிள் (வாவ் வாவ்னு ஆடுற சத்தம்) வேணும், ஸ்டீரியோல விரியணும்னா இது பத்தாது.

ரெண்டாவது வழி, வெட்டிப் பிரிக்கிறது. பாத்தா ரொம்ப சுலபமா தோணும், ஏற்கனவே பிடிச்ச சவுண்ட் கையில இருக்கு, அத மூணு சேனல்ல போட்டு ஏபிள்டன் சாஃப்ட்வேர்ல மல்டிபேண்ட் டைனமிக்ஸ்ல ஒவ்வொரு பேண்டா சோலோ பண்ணி வச்சாலும் சரி, எஃப்எல் ஸ்டூடியோல ஃப்ரீக்வன்சி ஸ்ப்ளிட்டர் போட்டாலும் சரி, அஞ்சு நிமிஷ வேலை. பெரிய லாபம் டிஸ்டார்ஷன்ல (சத்தத்த வேணும்னே கிழிக்கிறது) இருக்கு. முழு பேஸயும் ஒரே டிஸ்டார்ஷனுக்குள்ள விட்டா சப்போட பெரிய அலை மேல போகும்போதும் கீழ போகும்போதும் மிட்டயும் சேத்து தூக்கிட்டுப் போய் சுவத்துல முட்டும், மிட் தொண்டைல தண்ணி வச்சு கொப்பளிக்கிற மாதிரி கரகரன்னு ஆயிடும், சப்பும் பலம் இழக்கும். சில நேரம் அந்தக் கரகரப்புதான் வேணும், அது வேற விஷயம். பிரிச்சுட்டா சப்ப தொடாம விட்டுட்டு மிட்ட மட்டும் எவ்வளவு வேணும்னாலும் கிழிக்கலாம்.

ஆனா வெட்டுற இடத்துல கவனம் வேணும். கிராஸ்ஓவர்னு பேர் போட்ட பிளகின்கள்ல நிறைய லிங்க்விட்ஸ்-ரைலி டைப் ஃபில்டர் இருக்கும், ஒரு ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவு, வெட்டுற இடத்துல ரெண்டு பக்கமும் 6 டெசிபல் இறங்கி நிக்கும், கூட்டினா பழையபடி சமமா வரும். அத விட்டுட்டு சாதா இக்யூல ஒரு லோ பாஸ், ஒரு ஹை பாஸ் ரெண்டும் 24 டெசிபல் பட்டர்வொர்த்ல (இன்னொரு டைப் ஃபில்டர்) 100 ஹெர்ட்ஸ்ல போட்டீங்கன்னா ரெண்டும் 3 டெசிபல்தான் இறங்கும், கூட்டும்போது 100 ஹெர்ட்ஸ்ல 3 டெசிபல் மேடு வந்துடும். 12 டெசிபல் சரிவுல அதே மாதிரி செஞ்சா அங்க பள்ளமே விழும், ஏன்னா ரெண்டு பக்கமும் நேர் எதிர் ஃபேஸ்ல நிக்கும். ஃபேஸ திருப்பாத லீனியர் ஃபேஸ் ஃபில்டர் போட்டா இந்த தொல்லை இல்லையேன்னு கேக்கலாம், இல்லதான், ஆனா அது ட்ரான்சியன்ட்டுக்கு (நோட் தொடங்குற அந்த முதல் அடிக்கு) முன்னாடியே ஒரு மங்கலான முன்னோட்டத்த விட்டுடும், அடி ஃப்ரீக்வன்சில அது நல்லாவே கேக்கும், நோட்டோட அடி மழுங்கிடும். சப் பக்கம் நான் அத தொடுறதே இல்ல. இன்னொண்ணு, பிரிச்ச மூணு பேண்டோட கூட ஒரிஜினல் டிரை சிக்னலையும் (ஃபில்டர் படாதது) கலக்காதீங்க, கிராஸ்ஓவர் ஃபேஸ சுத்தி வச்சிருக்கும், கலந்தா அங்கங்க ஓட்டை விழும்.

இதெல்லாம் சரியா செஞ்சாலும் இந்த வழிக்கு ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கு, அது கிராஸ்ஓவர் ஒரே இடத்துல நிக்கும், நோட் நிக்காது. 100ல வெட்டிட்டு டி1 வாசிச்சீங்கன்னா 36.7ம் அதோட ரெண்டாவது ஹார்மோனிக் 73.4ம் ரெண்டுமே சப் பேண்டுக்குள்ள. ஏ1க்கு போனா 55 உள்ள, 110 பாதிக்கு மேல வெளிய. ஆக நோட் மாற மாற சப் பேண்டோட குணமே மாறும், ஒரு நோட் குண்டா, ஒரு நோட் ஒல்லியா. அது மட்டுமில்ல, நான் முதல்ல சொன்ன அந்த டிட்யூன் ஓட்டை, அது ஃபண்டமென்டல்லயே (அடி நோட்லயே) இருக்கு, வெட்டி எடுத்த சப் பேண்டுக்குள்ளயும் அதே ஓட்டை அப்படியேதான் இருக்கும். மோனோ பண்ணாலும் போகாது. கடைசில என்ன செய்வோம்? அந்த சப் பேண்ட தூக்கிப் போட்டுட்டு அந்த இடத்துல ஒரு சைன் வைப்போம். அத செஞ்ச உடனே நீங்க மூணாவது வழிக்கு வந்துட்டீங்க.

மூணாவது வழிலதான் நான் இப்ப முக்காவாசி வேலைய செய்யறேன். ஒரே மிடி கிளிப் (எந்த நோட் எப்ப வாசிக்கணும்ங்கிற தகவல்), ரெண்டு சிந்த். கீழ சைன், மேல ரீஸ், ரீஸோட அடிய ஹை பாஸ் வச்சு வெட்டியாச்சு. சைன் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, அதோட சண்டை போட ஆளில்ல, அதனால ஓட்டை கிடையாது. மிட் லேயர விரிக்கலாம், கிழிக்கலாம், கோரஸ் போடலாம், கீழ ஒண்ணும் ஆகாது.

எங்க வெட்டுறது? எங்க பாத்தாலும் 100 ஹெர்ட்ஸ்னு ஒரு நம்பர் சொல்றாங்க, அத அப்படியே எடுத்துக்காதீங்க, உங்க நோட்ட வச்சு கணக்கு போடுங்க. எஃப்1ஓட ரெண்டாவது ஹார்மோனிக் 87.3. மிட் லேயர 100ல 24 டெசிபல் லிங்க்விட்ஸ்-ரைலி ஹை பாஸ் போட்டா அந்த 87 கிட்டத்தட்ட 9 டெசிபல் இறங்கிடும், சைன்ல 87ங்கிற ஒண்ணே கிடையாது, ஆக சப்புக்கும் மிட்டுக்கும் நடுவுல ஒரு வெற்றிடம். ரெண்டு லேயரும் ஒட்டாம தனித்தனியா மிதக்கிற மாதிரி கேக்குதுன்னு நிறைய பேர் சொல்றாங்க, பாதி நேரம் காரணம் இதுதான். ஹை பாஸ 70க்கு இறக்குங்க, 87 வெறும் 3 டெசிபல்தான் இறங்கும், 43.65 17 டெசிபலுக்கு மேல இறங்கிடும், ரீஸோட ஆட்டம் அவ்வளவு கீழ போனா சைன தொந்தரவு பண்ணாது. இந்த ஒரு நம்பர மாத்தினதுல என் டிராக் ஒட்டுமொத்தமா சேந்து நின்னுச்சு.

ஆனா பேஸ்லைன் அங்கயே நிக்குமா, அதே டிராக்ல சி2க்கு ஏறுது, அதோட ஃபண்டமென்டல் 65.4. 70ல நிக்கிற ஹை பாஸ் அத 7 டெசிபல்தான் குறைக்கும், ஆக இப்ப ஃபண்டமென்டல் ரெண்டு லேயர்லயும் இருக்கு, மறுபடி ஃபேஸ் சண்டை. இதுக்கு மருந்து கீ ட்ராக்கிங். சிந்துக்குள்ள இருக்கிற ஃபில்டர்லயே ஹை பாஸ் போட்டு கீ ட்ராக்க முழுசா ஆன் பண்ணிட்டா நோட் ஏற ஏற ஃபில்டரும் கூடவே ஏறும், எப்பவும் ஃபண்டமென்டலுக்கும் ரெண்டாவது ஹார்மோனிக்குக்கும் நடுவுலயே நிக்கும். வெட்டிப் பிரிக்கிற வழில இது நடக்கவே நடக்காது, ஆடியோவா வந்துட்ட சத்தத்துக்கு எந்த நோட்னு கிராஸ்ஓவருக்கு எப்படித் தெரியும். என்னைக் கேட்டா ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல முடிவெடுக்க இந்த ஒரு விஷயம் போதும்: உங்க பேஸ்லைன் ரெண்டு மூணு நோட்டுக்குள்ளயே சுத்துதுன்னா எதுவும் ஓகே, அஞ்சு ஆறு நோட் தாண்டி ஓடுதுன்னா தனித்தனி லேயர்.

இந்த வழில வேலை அதிகம்ங்கிறத மறைக்க விரும்பல. ரெண்டு சிந்துலயும் க்ளைட் நேரம் ஒண்ணா இருக்கணும், இல்லன்னா சறுக்கும்போது சப் ஒரு நோட்ல இருக்கும், மிட் இன்னொரு நோட்ல இருக்கும், கேக்க கொடுமை. பிட்ச் பெண்ட் ரேஞ்ச் ஒண்ணா இருக்கணும். சப்ப மோனோ வாய்ஸ்ல வைக்கணும், மறந்துட்டா டி1ஓட வால் எஃப்1 மேல விழும், 36.7ம் 43.65ம் சேந்து செகண்டுக்கு 7 தடவை உறுமும், சேறு மாதிரி ஆயிடும். சைனோட ரேண்டம் ஃபேஸ சைபர்ல வைங்க, ஒவ்வொரு நோட்டும் அலையோட ஒரே இடத்துலருந்து கிளம்பணும், இல்லன்னா ஒரு நோட் டக்குன்னு அடிக்கும், இன்னொண்ணு மொழுக்குன்னு வரும். எஃப்1ல ஒரு முழு அலைக்கு 23 மில்லிசெகண்ட் ஆகுது, அதுல பாதியில தொடங்கினா காது கண்டுபிடிச்சிடும்.

ரெண்டு சிந்த் ஓட்ட விருப்பமில்லாதவங்களுக்கு நடுவழி ஒண்ணு இருக்கு. சீரம்ங்கிற சிந்த்ல சப் ஆசிலேட்டருக்கு (அலைய உருவாக்குற பகுதி) டைரக்ட் அவுட் பட்டன் இருக்கு, அத அமுக்கினா சப் ஃபில்டருக்கும் எஃபெக்டுக்கும் போகாம நேரா வெளிய வரும். வைட்டல்ங்கிற சிந்த்லயும் ஆசிலேட்டர டைரக்ட் அவுட்டுக்கு அனுப்பலாம், அதுக்கு இலவச வெர்ஷனே இருக்கு, ஆரம்பிக்கிறவங்க காசு செலவு பண்ண வேண்டியதில்ல. ஒரே பேட்ச், ஒரே க்ளைட், ஒரே மிடி, சப் சுத்தமா தனியா நிக்கும். இழக்கிறது ஒண்ணே ஒண்ணு, சப்ப மட்டும் தனியா மிக்ஸர் சேனல்ல பிடிக்க முடியாது.

அது ஏன் முக்கியம்னா கிக் (டிரம்ஸ்ல கால்ல அடிக்கிற பெரிய டிரம்). டிரம் அண்ட் பேஸ்ல கிக்கோட உடம்பு பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸ் பக்கத்துல இருக்கும், சப் அதுக்குக் கீழ. டப்ஸ்டெப்ல கிக்கே 50, 60 பக்கம் இறங்கி வரும், சப் மேலயே வந்து உக்காரும், அப்ப சைட்செயின் (கிக் வரும்போது சப்ப தானா இறக்குறது) கண்டிப்பா வேணும். சப் தனி சேனல்ல இருந்தா கிக் அடிக்கும்போது சப்ப மட்டும் அமுக்கிட்டு மிட்ட ஓடவிடலாம், பேஸ் நின்ன மாதிரியே தெரியாது, கிக்கும் நெஞ்சுல இடிக்கும். முதல் வழில மொத்த பேஸும் கிக்குக்கு ஒதுங்கி ஒதுங்கி வரும், பம்ப் ஆகுறது அப்பட்டமா தெரியும். சில டிராக்குக்கு அதுவே அழகு.

ஸ்டீரியோ பத்தி நீட்டி பேச ஒண்ணுமில்ல, சப் மோனோ, மிட் உங்க இஷ்டம். கிளப்ல சப் ஸ்பீக்கருக்குப் போற சிக்னல பெரும்பாலும் மோனோவாதான் கூட்டுவாங்க, இடதுலயும் வலதுலயும் எதிரெதிரா இருக்கிறது அங்க காணாம போயிடும். வினைல்ல வெட்டுறதா இருந்தா இன்னும் மோசம், எதிர் ஃபேஸ்ல இருக்கிற பேஸ் ஊசிய மேலயும் கீழயும் தூக்கும், ஊசி பள்ளத்த விட்டே குதிச்சிடும். மிட்டயும் ஒருதடவை மோனோ பட்டன் அமுக்கி கேட்டுடுங்க, விரிக்கிறதுக்கு சின்ன டிலே போட்டிருந்தா மோனோல ஒல்லியாயிடும்.

மூணாவதா ஒரு டாப் லேயர் வேணுமான்னு கேப்பாங்க, 500 ஹெர்ட்ஸுக்கு மேல ஒரு கரகரப்பு, நாய்ஸ் மாதிரி. நான் ரெண்டு லேயரோட டிராக்க ஃபோன்ல கேட்டுப் பாப்பேன், பேஸ்லைன் மெலடி புரிஞ்சா டாப் லேயர் போடமாட்டேன். புரியலன்னா முதல்ல மிட்டுக்கே கொஞ்சம் சாச்சுரேஷன் ஏத்திப் பாப்பேன். அதுக்கப்புறமும் தேவைன்னாதான் மூணாவது. ஏழெட்டு லேயர் போட்டு அடுக்குன ப்ராஜெக்ட நிறைய பாத்திருக்கேன், சோலோல பயங்கரமா இருக்கும், டிரம்ஸ் உள்ள வந்த உடனே எல்லாம் ஒண்ணோட ஒண்ணு மோதி இரைச்சலா நிக்கும்.

எந்த வழியா இருந்தாலும் சப்போட அளவ ரூம்ல கேட்டு முடிவு பண்ணாதீங்க. 43.65 ஹெர்ட்ஸோட அலைநீளம் கிட்டத்தட்ட 8 மீட்டர், நம்ம பெட்ரூம் பெரும்பாலும் பத்துக்குப் பன்னெண்டு அடி. பன்னெண்டு அடி சுவருக்கு நடுவுல 47 ஹெர்ட்ஸ் நின்னு அலையும், பத்தடிக்கு நடுவுல 56 ஹெர்ட்ஸ், ஆக எஃப் ஷார்ப்பும் ஏவும் ரூம இடிக்கும், நடுவுல உள்ள நோட் நீங்க உக்காந்திருக்கிற இடத்தப் பொறுத்து காணாமலே போகலாம். அத நம்பி ஒரு நோட்ட ஏத்தி ஒரு நோட்ட இறக்கினா வெளிய எங்கயும் சரியா வராது. நல்ல ஹெட்போன், கூட வோக்சங்கோ ஸ்பேன் மாதிரி ஒரு இலவச அனலைசர், பிடிச்ச ஒரு ரிலீஸ் ஆன டிராக்க பக்கத்துல வச்சு ரெண்டோட சப் உயரத்தயும் ஒப்பிட்டுப் பாருங்க. மாஸ்டர்ல தற்காலிகமா 90 ஹெர்ட்ஸ்ல லோ பாஸ் போட்டு முழு டிராக்கயும் ஒருதடவை ஓட்டுங்க, நோட்டுக்கு நோட் சப் ஒரே உயரத்துல வருதான்னு அப்பட்டமா தெரிஞ்சிடும். என்னோட அந்த ஒண்ணரை பார் ஓட்டைய இப்படித்தான் நிச்சயப்படுத்திக்கிட்டேன்.

அப்ப வெட்டிப் பிரிக்கிற வழிக்கு வேலையே இல்லையா? இருக்கு. நியூரோங்கிற டிரம் அண்ட் பேஸ் பாணில பேஸ ஆடியோவா பிரிண்ட் பண்ணி, மறுபடி டிஸ்டார்ஷன், மறுபடி ஃபில்டர், மறுபடி பிரிண்ட்னு நாலஞ்சு சுத்து போற ஆளுங்களுக்கு மிடியெல்லாம் எப்பவோ போயிருக்கும், அங்க கிராஸ்ஓவர்தான் கத்தி. சாம்பிள் பேக்ல எடுத்த லூப்புக்கும் அதே. ஆனா அப்பவும் நான் செய்யறது, லூப்ப சிந்த் மிட் லேயர் மாதிரியே நினைச்சு 80, 90 பக்கம் ஹை பாஸ் போட்டு வெட்டிட்டு, அதுல என்னென்ன நோட் போகுதுன்னு காதால எடுத்து, கீழ ஒரு சைன்ல அதே நோட்ட மிடில எழுதிடுவேன். லூப்ல நோட் எங்க சறுக்குதோ அங்க சைனுக்கும் க்ளைட் வரையணும், அதுதான் நேரம் பிடிக்கும், ஒரு எட்டு பார் லூப்புக்கு ஒரு மணி நேரம் கூட ஆகியிருக்கு எனக்கு.